டெர்பி கவுண்டி – பர்மிங்ஹாம் சிட்டி, ஞாயிறு 30 ஜனவரி 2022: முன்னோட்ட இழை

சனிமாலை | 27 ஜனவரி 2022, இரவு

வழக்கமாக அட்டவணையைப் பார்த்துத்தான் முன்னோட்டத்தை ஆரம்பிப்பேன். இந்த ஆட்டத்துக்கு அது வேலைக்கு ஆகாது. இங்கிலாந்து கால்பந்தின் இரண்டாம் டிவிஷனில் ஆடும் டெர்பிக்கு இந்த சீசனில் 21 புள்ளி வெட்டியிருக்கிறார்கள். செப்டம்பரில் கிளப் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனதற்கு 12, நவம்பரில் கணக்கு விவகாரத்துக்கு 9. அந்த 21-ஐத் திருப்பிக் கொடுத்தால் மேனேஜர் வெய்ன் ரூனியின் அணி அட்டவணையின் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். இப்போது இருப்பதோ அடிமட்டத்தில்.

பர்மிங்ஹாம் கதை தலைகீழ். புள்ளி எதுவும் வெட்டப்படவில்லை, அட்டவணையில் கடைசி மூன்று இடங்களுக்கு (அங்கே முடித்தால் கீழ் டிவிஷனுக்கு இறக்கம்) மேலேதான் இருக்கிறார்கள். ஆனால் 18-ஆம் தேதி ஃபுல்ஹாமிடம் 6–2 வாங்கிக்கொண்டு வந்த அணி இது. அதற்கு முன் எஃப்.ஏ. கோப்பையில், ஒரு படி கீழே ஆடும் பிளிமத்திடம் சொந்த மைதானத்திலேயே தோற்றது.

டெர்பி கடைசியாக ஆடியது பக்கத்து ஊர் எதிரியான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன், 2–1 தோல்வி. அதற்கு முந்தைய வாரம் ஷெஃபீல்டு யுனைடெட்டை 2–0 வென்றார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெஸ்ட் பிராமையும் ஸ்டோக்கையும் அடுத்தடுத்து வென்றார்கள். கடைசி மூன்றுக்குள் கிடக்கும் அணியின் ஆட்டமா இது?

செப்டம்பரில் பர்மிங்ஹாமின் மைதானமான செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஆட்டத்தில் பர்மிங்ஹாம் 2–0 வென்றது. அந்தக் கணக்கை இதற்குப் போட வேண்டாம், அது வேறு டெர்பி.

ஆரம்பிக்கலாம்.

நீலமூக்கு | 27 ஜனவரி, இரவு

இழை திறந்ததற்கு நன்றி அண்ணே. பர்மிங்ஹாம்காரர்கள் எங்களை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள், பரவாயில்லை, நாங்கள் நாலு வரிதான் தேறுவோம்.

எங்கள் மைதானத்தில் கோப், டில்டன் இரண்டு ஸ்டாண்டுகளிலும் கீழ்த்தட்டு மூடிக் கிடக்கிறது. கட்டடம் பழுது. கொரோனா காலத்தில் ஆளில்லாமல் ஆடியபோது மூடியது, ரசிகர்கள் திரும்பி வந்து இத்தனை மாதமாகியும் திறக்கவில்லை. வீரர்கள் கார்னர் எடுக்க ஓடும் பக்கம் வெற்று இருக்கை வரிசை. மேல்தட்டிலிருந்து கத்தினால் எவ்வளவு கேட்கும்? உரிமையாளர்கள் ஹாங்காங் பங்குச்சந்தையில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேள்வி கேட்பது கிணற்றில் கல் போடுகிற மாதிரி.

அணிக்கு வருவோம். மாட்டியா சார்கிச் தோளில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமல் நாங்கள் இன்னும் கீழே இருந்திருப்போம். கீப்பராக நிற்கப் போவது நீல் எதரிட்ஜ். பிலிப்பைன்ஸ் தேசிய அணிக்கு ஆடுபவர், போன கோடையில் கோவிட்டில் விழுந்து மருத்துவமனையில் கிடந்து எழுந்து வந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவருக்கு முன்னால் நிற்கும் டிஃபென்ஸைச் சொல்லலாம். தாஹித் சோங் அக்டோபரிலிருந்து இல்லை. கேப்டனாக இருந்த ஹார்லி டீனை ஷெஃபீல்டு வென்ஸ்டேக்கு லோனில் அனுப்பிவிட்டார்கள்.

நல்ல செய்தி: லைல் டெய்லர் வருகிறார். அதுவும் ஃபாரஸ்டிலிருந்து லோனில்! டெர்பிக்காரர்கள் எந்த ஊர்ச் சட்டையைக் கண்டால் பல்லைக் கடிப்பார்களோ, அந்த ஊரிலிருந்து ஒருவர் நேராக டெர்பியின் மைதானமான பிரைட் பார்க் போகிறார். முதல் ஆட்டத்திலேயே கோல் போடுவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பந்து | 28 ஜனவரி, காலை

வணக்கம், நான் பிரீமியர் லீக் மட்டும் பார்ப்பவன். ரூனி மேனேஜர் என்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு சந்தேகம். திவாலுக்கு 12 புள்ளி, சரி. இன்னொரு 9 எதற்கு? கணக்கில் திருடினார்களா?

பழைய_ஸ்டாண்டு | 28 ஜனவரி, காலை

தம்பி, திருட்டு என்று சொல்ல முடியாது. சாமர்த்தியம் எல்லை மீறியது என்று சொல்லலாம்.

ஒரு வீரரை 1 கோடி பவுண்டுக்கு வாங்குகிறாய், 4 வருட ஒப்பந்தம். ஊரில் எல்லா கிளப்பும் வருடத்துக்கு 25 லட்சம் என்று சமமாகச் செலவு எழுதும். நாலு வருடத்தில் கணக்கு பூஜ்யம், ஏனென்றால் ஒப்பந்தம் முடிந்தால் அவர் சும்மாவே கிளம்பிவிடலாம். டெர்பி என்ன செய்தது? "நாலு வருடம் கழித்தும் இவரை விற்றால் இவ்வளவு வரும்" என்று தாங்களே ஒரு விலையை மதிப்பிட்டு, ஆரம்ப வருடங்களில் செலவைக் குறைவாகக் காட்டியது. பாரம் முழுக்கக் கடைசி வருடத்துக்குத் தள்ளிப் போனது. மூன்று வருட நட்டம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று லீக்கில் வரம்பு உண்டு. சரியாக எழுதியிருந்தால் வரம்பைத் தாண்டியிருப்பார்கள். அதற்குத்தான் 9. இன்னும் 3 புள்ளி நிறுத்தி வைத்த தண்டனையாகத் தலைக்கு மேல் தொங்குகிறது.

இதோடு மைதானக் கதை தனி. 2018-இல் அப்போதைய உரிமையாளர் மெல் மோரிஸ் பிரைட் பார்க்கைக் கிளப்பிடமிருந்து தன்னுடைய இன்னொரு கம்பெனிக்குச் சுமார் 8 கோடி பவுண்டுக்கு விற்றார். வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டு, அதை லாபம் என்று எழுதினார். அன்றைய விதியில் அதற்கு இடம் இருந்தது.

நீலமூக்கு தம்பி சிரிக்க வேண்டாம். 2019 மார்ச்சில் இதே வரம்பைத் தாண்டி 9 புள்ளி வாங்கியது உங்கள் கிளப். அனுமதி 3.9 கோடி பவுண்டு, நீங்கள் காட்டிய நட்டம் 4.88 கோடி.

நீலமூக்கு | 28 ஜனவரி, காலை

நான் சிரிக்கவே இல்லையே ஐயா. வழி காட்டியதே நாங்கள்தான்.

ஓரக்கோடு | 28 ஜனவரி, மதியம்

எல்லோரும் டெர்பிக்காகக் கண்ணைக் கசக்குவதைப் பார்த்து இதை எழுதுகிறேன். விக்கம் வாண்டரர்ஸ் என்று ஒரு கிளப் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? போன சீசன் முடிவில் டெர்பி 44, விக்கம் 43. ஒரே ஒரு புள்ளியில் விக்கம் மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்னுக்கு இறங்கியது. சின்ன ஊர், சின்ன மைதானம், சரித்திரத்திலேயே முதல் முறை இரண்டாம் டிவிஷனுக்கு ஏறி வந்தவர்கள். டெர்பிக்கு இந்த வெட்டு அப்போதே விழுந்திருந்தால் இறங்கியிருப்பது யார்?

மிடில்ஸ்பரோவும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. 2018–19-இல் டெர்பி 74 புள்ளியோடு ஆறாவதாக, மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் போனது, மிடில்ஸ்பரோ 73-இல் நின்றது. மிடில்ஸ்பரோ உரிமையாளர் ஸ்டீவ் கிப்சன் நட்டஈடு கேட்டால் அவரை வில்லன் ஆக்குகிறீர்கள். வரவுக்கு ஏற்ப செலவு செய்தவன் கேட்டால் வில்லன், அகலக்கால் வைத்தவன் விழுந்தால் பாவமா?

டெர்பியைக் காப்பாற்றச் சொல்லி ரசிகர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலமாம். நல்லது. விக்கமுக்காக யார் ஊர்வலம் போனார்கள்?

கிடா72 | 28 ஜனவரி, மாலை

நான் டெர்பியில்தான் குடியிருக்கிறேன். ஓரக்கோடு சொன்னதில் பாதி உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன மே 8, கடைசி நாள் ஆட்டம். நாங்கள் ஷெஃபீல்டு வென்ஸ்டேயோடு 3–3. நாங்கள் தப்பினோம், அவர்கள் இறங்கினார்கள். அவர்களுக்கு ஏன் 41 புள்ளி? மைதானத்தை விற்ற கணக்கில் 6 வெட்டியதால். அது வெட்டப்படாமல் இருந்தால் அவர்களுக்கு 47, இறங்கியிருப்பது நாங்கள். ஆக, தண்டனையை எந்த வருடத்தில் போட்டிருக்க வேண்டும் என்று நோண்ட ஆரம்பித்தால் பாதி டிவிஷனைத் திருப்பி எழுத வேண்டும்.

செய்தவர் மோரிஸ். அவர் போய்விட்டார். மாட்டிக்கொண்டது யார்? டிக்கெட் கவுன்டரில் உட்காரும் பெண், புல்வெளி பார்க்கிறவர், நாலு தலைமுறையாக ஒரே வரிசையில் உட்காரும் குடும்பங்கள். 1888-இல் லீக்கை ஆரம்பித்த பன்னிரண்டு கிளப்பில் ஒன்று இது. 1972-லும் 1975-லும் இங்கிலாந்து சாம்பியன். இழுத்து மூடிவிட்டால் அந்த 72-ஐ எந்த அலமாரியில் வைப்பது?

வாங்க ஆள் இல்லாமல் இல்லை. மைக் ஆஷ்லி பெயர் அடிபடுகிறது, அமெரிக்காவிலிருந்து பின்னி குடும்பம் கேட்கிறது. ஆனால் மிடில்ஸ்பரோ, விக்கம் வழக்குகள் எவ்வளவு இழுக்கும் என்று தெரியாமல் யார் கையெழுத்துப் போடுவார்கள்? வரி பாக்கி வேறு. சீசனை முடிக்கப் பணம் இருக்கிறது என்று காட்ட லீக் வைத்த கெடுவை நேற்றுதான் ஒரு மாதம் தள்ளிப் போட்டார்கள்.

ஊர்வலம் ஊர் நடுவிலிருந்து பிரைட் பார்க் வரை. நான் போகிறேன். விக்கம்காரர் யாராவது வந்தால் டீ என் செலவு.

ஓரக்கோடு | 28 ஜனவரி, மாலை

டீயை ஏற்றுக்கொள்கிறேன். வாதத்தை இல்லை.

சனிமாலை | 28 ஜனவரி, மாலை

நீதிமன்றத்தை ஒத்தி வைத்துவிட்டுப் பந்துக்கு வரலாமா?

டெர்பியின் அணி எப்படி உண்டானது என்று பாருங்கள். ஆகஸ்டில் டிரான்ஸ்ஃபர் தடை, காசு கொடுத்து ஒருவரையும் வாங்க முடியாது. கிளப் இல்லாமல் சும்மா இருந்தவர்களைக் கூட்டி வந்தார் ரூனி: ஃபில் ஜாகியெல்கா, ரேவல் மாரிசன், சாம் பால்டாக், ரிச்சர்ட் ஸ்டியர்மன், கீப்பர் ரயன் ஆல்சாப். 39 வயது ஜாகியெல்காவும் 36 வயது கர்ட்டிஸ் டேவிஸும் டிஃபென்ஸின் நடுவில். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அந்த ஜோடியைத் தாண்டுவது இந்த டிவிஷனில் பலருக்குச் சிரமமாக இருந்தது. இருவரும் ஓட மாட்டார்கள், ஓட வேண்டிய இடத்தில் முன்கூட்டியே நிற்பார்கள்.

இந்த மாதம் ஜாகியெல்காவின் குறுகிய ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்க முடியவில்லை. அவர் ஸ்டோக் போய்விட்டார். கிரேம் ஷின்னியை விகனுக்கு விற்றாயிற்று. மிச்சம் இருப்பது அகாடமி பிள்ளைகள்: மேக்ஸ் பேர்டு, ஜேசன் நைட், லூயி சிப்லி, லீ புக்கனன், 19 வயது ஸ்ட்ரைக்கர் லூக் பிளாஞ்ச். இவர்களுக்கு ஜோடியாக டாம் லாரன்ஸ். என்னைக் கேட்டால் இப்போது இந்த டிவிஷனிலேயே அதிக மெனக்கெடும் கேப்டன் அவர்தான். இடது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வலது காலில் அடிப்பார். எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தடுக்க மாட்டார்கள். ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக இரண்டு கோலும் அவருடையவை.

அப்புறம் கிரிஸ்டியன் பீலிக். ஆர்சனலிலிருந்து 2019-இல் பெரிய தொகைக்கு வந்தவர், முழங்கால் தசைநார் இரண்டு முறை அறுந்து, கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து இந்த மாதம்தான் திரும்பியிருக்கிறார். மிட்ஃபீல்டில் அவர் நின்றால் டெர்பி வேறு அணி. எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதுதான் கேள்வி.

பர்மிங்ஹாம் ஐந்து பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு நேராக ஸ்ட்ரைக்கரை நோக்கி நீளப் பந்து போடும். ட்ராய் டீனியோ ஜட்கெவிட்சோ தலையால் முட்டுவார், ஸ்காட் ஹோகன் பின்னால் ஓடுவார். அழகில்லை. ஜாகியெல்கா இல்லாத டிஃபென்ஸுக்கு எதிராக அது வேலை செய்யும் என்று எனக்குப் படுகிறது. முன்னால் கோல் போடப் போவது பர்மிங்ஹாம், கடைசி இருபது நிமிடம் டெர்பியுடையது. ஜனவரி 3 ரெடிங் ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 2–0 பின்னால் இருந்து 2–2. சமன் செய்த கடைசி நேரத் தலைமுட்டு யாருடையது? 36 வயது டேவிஸ்.

என் கணிப்பு 1–1.

நீலமூக்கு | 28 ஜனவரி, மாலை

டெய்லரையும் எங்கள் மேனேஜர் லீ போயரையும் பற்றி ஒன்று விட்டுவிட்டீர்கள். சார்ல்டனில் போயர் மேனேஜர், டெய்லர் ஸ்ட்ரைக்கர், 2019-இல் சேர்ந்து மேலே வந்தார்கள். அடுத்த வருடம் கொரோனாவுக்குப் பிறகு லீக் திரும்ப ஆரம்பித்தபோது, ஒப்பந்தம் முடியப் போகிறது, அடிபட்டால் எதிர்காலம் போய்விடும் என்று டெய்லர் ஆட மறுத்துவிட்டார். சார்ல்டன் இறங்கியது. அதே போயர் இப்போது அவரையே கூப்பிட்டிருக்கிறார் என்றால், கோபத்தை விட கோல் பஞ்சம் பெரிது என்று அர்த்தம்.

இன்னொன்று, நாங்கள் கடைசி நிமிடத்தில் சாகும் அணி இல்லை, பிழைக்கும் அணி. 2014 மே 3, போல்டன். 2–0 பின்னால். கடைசி நாள், தோற்றால் இறக்கம். 90 தாண்டி மூன்றாவது நிமிடத்தில் பால் கேடிஸ் தலையால் முட்டி 2–2, கோல் வித்தியாசத்தில் தப்பினோம், டான்காஸ்டர் இறங்கியது. அன்று வீட்டில் நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

கணிப்பு: 0–2. டெய்லர், ஹோகன்.

பழைய_ஸ்டாண்டு | 28 ஜனவரி, இரவு

செய்தி பார்த்தீர்களா? ரூனியே இன்று சொல்லியிருக்கிறார்: எவர்ட்டன் கிளப் அவருடைய ஏஜெண்டை அணுகி மேனேஜர் வேலை நேர்காணலுக்குக் கூப்பிட்டதாம், அவர் மறுத்துவிட்டாராம். பால்ய காலத்திலிருந்து நேசித்த கிளப், பிரீமியர் லீக் சம்பளம். அதை விட்டுவிட்டு, அடுத்த மாதம் இருக்குமா என்று தெரியாத ஒரு கிளப்பில் நிற்கிறார்.

நான் ரூனி ரசிகன் இல்லை. மேனேஜராக அவர் எவ்வளவு தேறுவார் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. டெர்பி மாதிரி இடத்தில், எல்லாரும் நமக்கு எதிரி என்று சொல்லிச் சொல்லியே அணியை ஓட வைத்துவிடலாம். சாதாரணமான ஒரு கிளப்பில், எல்லாம் ஒழுங்காக இருக்கும் இடத்தில் என்ன செய்வார் என்று பார்க்க வேண்டும்.

கணிப்பெல்லாம் நான் சொல்வதில்லை. வயதாகிவிட்டது.

கிடா72 | 29 ஜனவரி, காலை

ஐயா, அவர் எங்களோடு நின்றார். எனக்கு அது போதும்.

2–1, எங்களுக்கு. லாரன்ஸ், பிளாஞ்ச்.

புதுப்பந்து | 29 ஜனவரி, இரவு

எல்லாவற்றையும் படித்தேன். யார் பக்கம் என்று முடிவு பண்ண முடியவில்லை. அதனால் ஆளுக்கு இரண்டு. 2–2.

நீலமூக்கு | 30 ஜனவரி, ஆட்டத்தின் நடுவில்

டெய்லர்!!! சொன்னேனா இல்லையா!

நீலமூக்கு | 30 ஜனவரி, ஆட்டத்தின் நடுவில்

ஹோகன். 0–2. இரண்டு பெயரும் சரி. யாராவது என் கையில் லாட்டரிச் சீட்டு கொடுங்கள்.

சனிமாலை | 30 ஜனவரி, ஆட்டத்தின் நடுவில்

இன்னும் முடியவில்லை தம்பி. டெர்பி பந்தை விடவே இல்லை, கவனித்தீர்களா?

புதுப்பந்து | 30 ஜனவரி

87-இல் பிளாஞ்ச். 1–2.

புதுப்பந்து | 30 ஜனவரி

ஐயோ

கிடா72 | 30 ஜனவரி, இரவு

தொண்டை போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஊர் நடுவில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, பத்தாயிரத்துக்குக் குறையாது. தோளில் குழந்தை, கையில் 70-களின் மப்ளர். பர்மிங்ஹாம் சட்டை போட்ட சிலரும் கூட நடந்தார்கள், அவர்களுக்கும் தெரியும் இது எப்படி முடியும் என்று.

இரண்டாவது கோல் விழுந்ததும் எனக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு எழுந்தார். ஐந்து நிமிடம் படியில் நின்றார். அப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்து, "ரயில் எப்படியும் லேட்" என்றார். பிளாஞ்ச் போட்டதும் என் முழங்கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

96-ஆவது நிமிடம். பெட்டிக்குள் பந்து மேலே எழும்புகிறது, பீலிக் கோலுக்கு முதுகு. இரண்டு முறை முழங்கால் தசைநார் அறுந்த அந்த மனிதர் காற்றில் படுத்து, தலைக்கு மேலே காலை வீசினார். பந்து வலையில் விழுந்ததை நான் பார்க்கவில்லை, பெரியவர் என் மேல் விழுந்திருந்தார்.

2–2. புதுப்பந்து, உனக்கு எப்படித் தெரியும்?

நீலமூக்கு | 30 ஜனவரி, இரவு

கேடிஸைப் பற்றி எழுதியிருக்கவே கூடாது.

ஓரக்கோடு | 30 ஜனவரி, இரவு

அந்த கோலுக்கு மட்டும் கை தட்டினேன். விக்கம் 43. மறக்கவில்லை.

சனிமாலை | 12 அக்டோபர் 2023

பழைய இழையைத் தூசு தட்டுகிறேன், மன்னிக்கவும். டெர்பி அந்த ஏப்ரலில் இறங்கியது, ஜூலையில் உள்ளூர்க்காரர் டேவிட் கிளவ்ஸ் வாங்கிக் காப்பாற்றினார், அதெல்லாம் தெரிந்ததே. நேற்றைய செய்தி: ஆறாவது இடத்தில் இருக்கும்போதே ஜான் யூஸ்டஸை அனுப்பிவிட்டு பர்மிங்ஹாம் ரூனியைக் கொண்டு வந்திருக்கிறது. பீலிக்கும் இப்போது அங்கேதான் ஆடுகிறார். பழைய_ஸ்டாண்டு ஐயா, 2022 ஜனவரி 28 இரவு நீங்கள் எழுதியதை மறுபடி படித்தேன்.

பழைய_ஸ்டாண்டு | 12 அக்டோபர் 2023

நான் எதுவும் சொல்லவில்லை. பார்ப்போம்.

நீலமூக்கு | 2 ஜனவரி 2024

15 ஆட்டம், 2 வெற்றி, 20-ஆவது இடம். ரூனியை அனுப்பியாயிற்று. ஸ்டாண்டு பழுதான காலத்தில்கூட இவ்வளவு வலிக்கவில்லை.

கிடா72 | 4 மே 2024

போன வாரம் கார்லைலை 2–0 வென்று நாங்கள் மேலே ஏறினோம். இன்று நார்விச்சை வென்றும், 50 புள்ளி எடுத்தும் பர்மிங்ஹாம் கீழே போகிறது. நீலமூக்கு, கிண்டல் செய்ய வரவில்லை. ஒரு வேளை டெர்பி பக்கம் வந்தால் சொல், ஓரக்கோடுக்குச் சொன்ன டீ இன்னும் யாரும் குடிக்காமல் இருக்கிறது.

நீலமூக்கு | 4 மே 2024

சர்க்கரை ரெண்டு ஸ்பூன் போடச் சொல்.